காய்ச்சல் கணக்கு

கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்
பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை இம்தியாஸ்.
மருதானையில் பஸ் அசையவில்லை,
உடம்புச் சூடு போகாமல் பிடிச்சிக்கிறேன் என்றார்,
முட்டை வாங்கி வருகிறவரின் கவனத்தோடு.

ஒரு துளியை எண்ணும் கண்ணாடியில் விட்டேன்.
தலை இருக்கிறது, வால் இருக்கிறது,
திசை இல்லை.
சில நின்ற இடத்திலேயே துடித்தன.
சில வட்டமடித்தன,
கோட்டை ஸ்டேஷனில் மேடை மாறி இறங்கியவர்போல.
மிச்சம் சும்மா கிடந்தன.

"மிஸ், உசிரோட ஈக்குதா?"
கதவுக்கு அப்பாலிருந்து கேட்டார்.
நான் கலண்டரைப் பார்த்தேன். செப்டெம்பர் பன்னிரண்டு.

இன்று கொண்டுவந்தது இன்றையது அல்ல.
உருண்டையாய் இருந்த ஒரு கலம்
நிறமூர்த்தங்களைப் பாதியாக்கி,
சேர்த்துவைத்த சாப்பாட்டையும் உதறிவிட்டு
வாலை நீட்டிக்கொள்ள
இரண்டு மாதத்துக்கும் மேலே ஆகும்.
அப்போதும் நீந்தத் தெரியாது.
பிறகு ஒரு குழாய்.
சுருண்டு கிடந்தால் சுண்டுவிரல் அளவும் வராது,
அவிழ்த்து இழுத்தால்
இந்த அறையைத் தாண்டி வரவேற்பு மேசைவரை போகும்.
அதற்குள் நாள்கணக்கில் தள்ளுண்டு,
சுவர் சுரப்பதை உடம்பில் பூசிப் பூசித்தான்
நேரே போகப் பழகும்.

"ஜூன் மாசம் காய்ச்சல் ஏதும்?"
"டெங்கு மிஸ். ஐ.டி.எச்.சில ஒம்பது நாள்."
"அந்த ஒன்பது நாளில் வளரத் தொடங்கினவைதான் இவை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு சிரித்தார், இயந்திரம் தெரிந்த மனிதர்.
"அப்ப இது ஹீட்டான என்ஜின்ட சாமான்.
அடுத்த லொட் வரட்டும்."

அடுத்த லொட் டிசம்பர் தொடக்கத்தில் வந்தது.
கொட்டாஞ்சேனையில் நத்தார் நட்சத்திரங்கள் தொங்கின.
அன்று காலை ஷிரீனாவிடமிருந்து எட்டு முட்டை எடுத்திருந்தோம்.

நீந்தத் தெரிந்தாலும் போதாது.
உறையைக் கழுவி, கொழுப்பைக் கசியவிட்டு,
கர்ப்பப்பையின் வேலையை
முப்பத்தேழு பாகை வெந்நீர்மம் செய்யும் மட்டும்
காத்திருக்க வேண்டும்.
வால் திடீரென்று சாட்டையாக மாறும்.

பந்தயம் என்பார்கள்.
முந்தி வந்தவை முட்டையைச் சுற்றிய பசையைக் கலைத்து
அங்கேயே முடிந்துபோகின்றன.
பின்னால் வந்த ஒன்று
தலைத்தொப்பியை அவிழ்த்துத் தெளிந்த கோதைத் துளைக்கிறது.
முட்டையும் சும்மா இருப்பதில்லை,
மெல்லிய விரல்களால் அதைப் பிடித்து உள்ளே இழுக்கிறது.
உள்ளே கல்சியம் அலையடிக்க
கோது இறுகிவிடுகிறது, பிந்தியவருக்கு.
நான் இதைப் பார்த்ததில்லை.
இன்குபேட்டர் கதவை மூடியபிறகு நடப்பது இது.

இன்னொன்று. இதை அவருக்குச் சொல்லவில்லை.
அவ்வளவு தூரம் வாலைச் செலுத்திய
குட்டி என்ஜின்களும் கூடவே உள்ளே போகும்.
முட்டை அவற்றை ஒவ்வொன்றாய்க் கழற்றி அழித்துவிடும்.
பஞ்சிகாவத்தையில் அதை விற்க ஒன்றும் மிஞ்சாது.
பிள்ளை தாயின் என்ஜினில்தான் ஓடும்.

விடிய முதல் பஸ்ஸில் வந்தேன்.
பதினேழு மணித்தியாலம்.
கை கழுவி, மூச்சை அடக்கி, தட்டை வைத்தேன்.
முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும்.
மூன்றாவதில் இரண்டு வட்டங்கள்,
ஒன்றையொன்று தொடுவதா வேண்டாமா என்று
பக்கத்தில் பக்கத்தில்.

எட்டில் ஐந்து.

தொலைபேசியில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம்.
"எந்த மாசத்துச் சாமான் மிஸ்?"
விரல்விட்டுப் பின்னால் எண்ணினேன்.
செப்டெம்பர் என்றேன்.
நீங்கள் கதவுக்கு வெளியே நின்று
சிரித்த கிழமை.